யாரிடம் சொல்லிவிட்டுப் போவது

போர்ட் பிரி
2 ஜூலை 1979

மெர்வ்,

கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி. பதினோரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்த அக்கா எழுதுகிறாளே, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாய். யாரும் சாகவில்லை. என் வீட்டில் கடைசியாகப் போனது ஆல்ஃப்தான். என் புருஷன் சாவுக்கும் நீ வரவில்லை. சரி, அதை இப்போது இழுக்கவில்லை.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஓரமெல்லாம் நன்றாகத் தெரிகிறது. நடுவில்தான், வெண்ணெய்க் கையோடு யாரோ கண்ணாடியைத் தொட்ட மாதிரி ஒரு மங்கல். "செப்டம்பர் முப்பதோட லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க நோலா. அதுவரைக்கும் பகல்லே மட்டும், மெதுவா ஓட்டுங்க" என்கிறார் டாக்டர். பதினோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவளுக்கு இவர் ஓட்டக் கற்றுத்தருகிறார், பார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் என் வேகன் காரை எடுத்துக்கொண்டு வடக்கே மாரி ஊருக்குப் போய், அங்கிருந்து பாலைவன மண்பாதையில் பேர்ட்ஸ்வில் வரை போகப் போகிறேன். போக வர ஆயிரத்து நூறு மைலுக்கு மேல். தனியாகத்தான். பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கிற வண்டி என்று தெரு முழுக்கச் சிரிக்கிறது. பட்டறைக்காரன் ஹெர்ப் என்ன சொன்னான் தெரியுமா? "நாலு சக்கரமும் இழுக்குற வண்டியே அங்க நாக்குத் தள்ளிப்போய் நிக்குது. நீங்க இந்தத் தகர டப்பாவுல போறீங்களா? வேணும்னா இப்பவே பூமாலைக்குச் சொல்லிடுறேன்."

தயார் செய்திருப்பது: உபரி டயர் இரண்டு, மேலே கூரையில். பெட்ரோல் ஒரு பீப்பாய், அதுவும் கூரையில். தண்ணீர் பத்து காலன், ஒரே பீப்பாயில். மண்வெட்டி. டப்பா மாட்டிறைச்சி, பிஸ்கட், டீத்தூள்.

இப்போது கேட்க வந்தது. அந்தப் பாதையில் போகிற எவரும், எப்போது கிளம்புகிறேன், எப்போது சேர்வேன் என்று ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வராவிட்டால் தேட ஆள் அனுப்புவது அந்த ஆளின் பொறுப்பு. உன் பெட்ரோல் நிலையம் பாதி வழியில் இருக்கிறது. என் ஆள் நீயாக இருக்க வேண்டும்.

நோலா


குல்டபா
13 ஜூலை 1979

நோலாவுக்கு,

எந்த வாயால் கேட்டாய் இதை?

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். 1968, பிப்ரவரி. நானும் என் கூட்டாளி கெல்வினும் காற்றாலை பழுது பார்க்கக் கிழக்கே போனோம். "செவ்வாய் சூரியன் மறையறதுக்குள்ள எங்ககிட்டேயிருந்து தந்தி வரலேன்னா போலீஸுக்குச் சொல்லு" என்று உன்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை அச்சு முறிந்தது. நீ வியாழக்கிழமை காலையில் போலீஸுக்குச் சொன்னாய். விமானம் வெள்ளிக்கிழமை வந்தது. கெல்வின் புதன் சாயங்காலமே நடக்க ஆரம்பித்துவிட்டான். நான் வண்டியை விட்டு நகரவில்லை, அதனால் இருக்கிறேன். அவன் உடலை ஒன்பது மைல் தள்ளி எடுத்தார்கள்.

அப்படிப்பட்ட நீ இப்போது என்னை உனக்குக் காத்திருக்கச் சொல்கிறாய்.

மாரி போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போ. நல்ல மனிதர். அவருக்கு அதற்குத்தான் சம்பளம். அதைவிட வீட்டில் கிட. இந்தப் பாதை கண் மங்கின கிழவிகளுக்கானது இல்லை.

மெர்வ்

பி.கு. கூரையில் பெட்ரோலையும் டயரையும் ஏற்றினால் முதல் பள்ளத்திலேயே வேகன் மல்லாந்துவிடும். கனமானதெல்லாம் உள்ளே, அச்சுக்கு முன்னால் தரையில். தண்ணீரை ஒரே பீப்பாயில் வைக்கிறவள் முட்டாள். அது ஓட்டையானால் எல்லாம் போச்சு. இரண்டு காலன் டப்பாவாக ஐந்து. அப்படியே போவதாக இருந்தால் சொல்கிறேன். போகாதே.


போர்ட் பிரி
22 ஜூலை 1979

மெர்வ்,

ஐந்து டப்பா வாங்கிவிட்டேன். டயரை உள்ளே போட்டாயிற்று. பின் இருக்கையைக் கழற்றி எறிந்ததும் வண்டி நிஜமாகவே நிலத்தோடு உட்கார்ந்து ஓடுகிறது. "போகாதே" என்று எழுதிவிட்டு எப்படிப் போவது என்று அரைப்பக்கம் எழுதுகிற ஆள் இந்த நாட்டிலேயே நீ ஒருவன்தான்.

இன்னும் சில கேள்வி. பெட்ரோல் டாங்கிக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க என்ன கட்டுவது? மணலுக்குள் போகும்போது டயரில் எவ்வளவு காற்று விட வேண்டும்? ஹெர்ப் ஒன்று சொல்கிறான், அவன் மச்சான் ஒன்று சொல்கிறான். இருவரும் ஹாக்கர் ஊருக்கு வடக்கே போனதே இல்லை. அடிலெய்டில் இருந்து ரோஸ்லின் வந்தாள். "அம்மா, உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டு வண்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெற்ற மகளைத் திருடி என்று சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன். போகும்போது சாவியைச் சர்க்கரை டப்பா மேல் வைத்துவிட்டுப் போனாள், பாவம். அவளை என் ஆளாக வைத்தால் நான் ஐந்து நிமிடம் தாமதமானாலும் ராணுவத்தைக் கூப்பிடுவாள்.

என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை, மெர்வ். காலை ஐந்து மணிக்கு எழுந்து வண்டியில் ஏறிக் கடற்கரை வரை போய்த் திரும்புகிறேன். திரும்பி வந்ததும் மறுபடி போகலாமா என்றிருக்கிறது. சாமான்களை ஏற்றுகிறேன், இறக்குகிறேன். உருக்காலைப் புகைபோக்கி நடுவில் வளைந்து தெரிகிறது. நேற்று மூன்று முறை கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். அது நேராகத்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை.

கெல்வின் விஷயம் எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்கிறாய்.

இந்த இடத்தில் நான்கு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதே.

மாரி போலீஸ்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஆனால் அவர் என் ஆள் இல்லை. நீ இல்லாவிட்டால் எனக்கு யாரும் வேண்டாம், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

நோலா


குல்டபா
3 ஆகஸ்ட் 1979

நோலாவுக்கு,

தபால் லாரி நாளைக்குத் தெற்கே திரும்புகிறது. அதற்குள் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

டாங்கிக்கு அடியில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் துண்டைக் கம்பி போட்டுக் கட்டு. உருக்காலையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மணல் என்றால் டயரில் பதினெட்டு பவுண்டு காற்று போதும், கல் வந்ததும் மறுபடி ஏற்று, கைப்பம்பு கொண்டு வா. பழைய ஜமுக்காளம் இரண்டு. புதைந்தால் சக்கரத்தைச் சுழற்றாதே, சுழற்றச் சுழற்றக் குழி தோண்டுகிறாய். இறங்கித் தோண்டு, ஜமுக்காளத்தை நுழை.

மிக முக்கியம். போன வாரம் இங்கே மழை. பாதையில் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்தால் ஓரமாகச் சுற்றிப் போகத்தான் தோன்றும். ஊர்க்காரர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், எல்லாரையும் நான்தான் கயிறு கட்டி இழுக்கிறேன். நடுவில் அடித்தளம் கெட்டி. ஓரம் மேலே காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், அடியில் களி. அசிங்கமாகத் தெரிந்தாலும் நடுவிலேயே போ.

அடுத்து எழுதுவதற்குத்தான் மூன்று நாள் ஆனது.

கெல்வின் போவதற்கு முந்தின வருடம், நான் இரண்டு மணி நேரம் தாமதமானேன் என்று நீ போலீஸுக்குச் சொன்னாய். விமானம் கிளப்பினார்கள். நான் மாரி ஓட்டலில் பீர் குடித்துக்கொண்டிருந்தேன். எல்லார் முன்னாலும் அசிங்கமாகிவிட்டது. போனில் உன்னிடம் கத்தினேன். "நீ என்ன எனக்கு ஆயாவா? அடுத்த தடவை ஒரு ரெண்டு நாளாவது வாயை மூடிக்கிட்டுப் பொறுத்திரு, அப்புறம் ஊரைக் கூட்டு!" வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. ஓட்டல் முழுக்கச் சிரித்தது. கெல்வின்தான் அதிகமாகச் சிரித்தான்.

அடுத்த தடவை நீ பொறுத்திருந்தாய். விசாரணையில் நீ எழுந்து நின்று சொன்னதும் நினைவிருக்கிறது. "தம்பி காத்திருக்கச் சொன்னான், காத்திருந்தேன்."

உன் மேல் கோபம் என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கும் அப்படியே தெரியட்டும் என்று விட்டேன். அது பொய். உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம். கெல்வினைக் கொன்றது என் வாய். இங்கே வந்து உட்கார்ந்து பதினோரு வருடமாகப் போகிற வருகிற வண்டியை எண்ணிக்கொண்டிருக்கிறேன், எவன் எப்போது கிளம்பினான், எப்போது வர வேண்டும் என்று. கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

மன்னித்துவிடு. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உன் ஆளாக இருக்கிறேன். ஆகஸ்ட் 28 செவ்வாய், காலை ஏழு மணிக்கு மாரியை விடு. நூற்று முப்பது மைல். உன் வேகத்துக்குப் பகல் இரண்டு மணிக்குள் இங்கே இருக்க வேண்டும். நான்கு வரை பார்ப்பேன். நான்கு அடித்ததும் லாரியை எடுத்துக்கொண்டு தெற்கே வருவேன், ஒரு நிமிடம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எது நடந்தாலும் வண்டியை விட்டு இறங்கி நடக்காதே.

மெர்வ்


போர்ட் பிரி
14 ஆகஸ்ட் 1979

மெர்வ்,

28 செவ்வாய், ஏழு மணி. சரி.

உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. பதில் எழுத உட்கார்கிறேன், எழுந்து போய் டயருக்குக் காற்று பார்க்கிறேன். இருபத்தெட்டு இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்கிறேன். மறுபடி போய்ப் பார்த்தால் அதே இருபத்தெட்டு.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாது. திட்டியே எழுதியிருக்கலாம். நீ திட்டினால் எனக்கு வாய் வரும். நேரில் ஒன்று சொல்ல வேண்டும். காகிதத்தில் வரவில்லை.

கன்வேயர் பெல்ட் கிடைத்தது. ஹெர்ப் கட்டிக்கொடுத்தான். "இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?" என்றான். தம்பி என்றேன். உங்களுக்குத் தம்பி இருக்கானா என்று கேட்டான். பத்து வருடமாக என்னைத் தெரிந்தவன்.

நோலா


மாரிக்கு வடக்கே, எண்பது மைல் இருக்கும்
28 ஆகஸ்ட், செவ்வாய். காலை 10.40

மெர்வ்,

பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதுகிறேன். புதைந்துவிட்டேன்.

திட்டுவதற்கு முன்னால் கேள். நடுவில் போ என்று சொன்னாய். நடுவில்தான் போனேன். ஆனால் என் கண்ணில் நடுதான் இல்லை, மடையா. வண்டித் தடம் இரண்டும் அந்த மங்கலுக்குள் போய் வளைந்தது, தடத்தின் மேல் இருப்பதாக நினைத்து ஓரத்தில் ஏறிவிட்டேன். அழகாகக் காய்ந்து, மேஜை மாதிரி வழவழவென்று இருந்தது. ஓடு உடைந்தது, பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை உள்ளே. சுழற்றவில்லை. சத்தியமாகச் சுழற்றவில்லை. கொஞ்சம் சுழற்றினேன்.

11.15
தோண்டினேன். தோண்டுகிற குழியில் களி வழிந்து மூடுகிறது. ஜமுக்காளம் இரண்டையும் விழுங்கிவிட்டது. டீ போட்டுக் குடித்தேன். நான்கு மணிக்குத்தானே கிளம்புவாய். இங்கே வர ஐந்தரை ஆகும். தண்ணீர் ஒன்பது காலன் இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் உட்கார முடியவில்லை. வண்டியைச் சுற்றி நடக்கிறேன். அடிவானத்தில் ஏதோ தகரம் பளபளக்கிறது. ஒரு மைல்தான் இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கால் இழுக்கிறது. கெல்வினுக்கும் இப்படித்தான் இழுத்திருக்கும். எனக்கு நான்கு மணி என்று ஒன்று இருக்கிறது, அவனுக்குச் சொன்ன நேரம் தாண்டியே போயிருந்தது.

போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

11.50
சரி. சொல்லிவிடுகிறேன். வெளியே போக முடியாத இடத்தில்தான் இதை எழுத முடியும் போலிருக்கிறது.

மெர்வ், நான் காத்திருக்கவில்லை. மறந்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பஸ் ஓட்டும் பரீட்சை. பணிமனையில் முதல் பொம்பளை நான். பாஸானேன். சாயங்காலம் ஆல்ஃப் தெருவில் பாதிப்பேரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். பீர், கேக், பாட்டு. "பஸ்காரம்மா, எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க" என்று கேலி. சூரியன் மறைந்ததை நான் பார்க்கவே இல்லை. புதன்கிழமை முதல் நாள் வேலை. முப்பத்தொரு பிள்ளைகள். எனக்கு அந்த நாள் முழுக்க இந்த உலகத்திலேயே என்னை மாதிரி சந்தோஷமானவள் இல்லை. உன்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வியாழக்கிழமை காலை கெட்டிலில் தண்ணீர் ஊற்றும்போது நினைவு வந்தது. கெட்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

போலீஸ்காரர் கேட்டார், "ஏம்மா இவ்ளோ நேரம் சொல்லலே?" வாயில் அது வந்துவிட்டது. தம்பி காத்திருக்கச் சொன்னான். ஒரு தடவை சொன்னதும் மறு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு விசாரணையில். கெல்வினின் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

உன் கோபம் எனக்குப் போதுமான தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். நீ கோபமே படவில்லை, என் பொய்யை நம்பி உன்னையே தின்றுகொண்டிருந்தாய் என்று உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. கெல்வினைக் கொன்றது உன் வாய் இல்லை. என் மறதியும், ஒரு பீப்பாய் பீரும்.

பேர்ட்ஸ்வில்லைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை. உன்னைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

12.55
வடக்கே தூசி. இது நீயாக இருக்க முடியாது. உன் நேரம் நான்கு.

1.05
உன் லாரிதான். படுபாவி, ஏன் இவ்வளவு வேகமாக வருகிறாய். அட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.


குல்டபா
14 செப்டம்பர் 1979

அக்கா,

நீ எழுதிய அட்டையை மாவு டப்பாவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான்கு நாள் என் மேஜையில் சாப்பிட்டாய், என் அடுப்பைக் குறை சொன்னாய், என் லாரியில் மாரி வரை பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய், பின்னால் உன் வேகனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ ஊர் போய்ச் சேர்ந்த வாரம் ரொட்டிக்கு மாவு எடுக்கும்போது கிடைத்தது.

படித்ததும் வெளியே போனேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்க இரண்டு ஈமுக்கோழி தவிர யாரும் இல்லை, அவையும் ஓடிவிட்டன. மூன்று நாள் பெட்ரோல் போட வந்தவர்களிடம் சரியாகப் பேசவில்லை. ஒருவர் "ஏன் மெர்வ், பல்வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நேராகவே சொல்கிறேன். மறந்ததை மன்னித்துவிட்டேன். அன்றைக்கு உனக்குச் சந்தோஷம், மறந்துவிட்டாய். யாருக்கும் வரும். ஆனால் விசாரணையில் என் தலையில் போட்டாயே, அதை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியாது. கெல்வினின் அம்மா குவோர்னில் இன்னும் இருக்கிறாள். அவளுக்கு நீதான் எழுத வேண்டும். நான் எழுத மாட்டேன்.

நீ ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. ஏன் நான்கு மணிக்கு முன்னால் வந்தேன் என்று. அன்று காலை ஏழு மணியிலிருந்து லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு மேல் முடியவில்லை. நீ நல்லபடியாக எதிரே வந்திருந்தால், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லியிருப்பேன்.

இப்போது வேறு விஷயம். கெல்வினோடு போன என் பழைய வண்டி அங்கேயே கிடக்கிறது, கிழக்கே, அச்சு முறிந்த இடத்தில். பதினோரு வருடமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்க்கப் போகிறேன். திங்கட்கிழமை, 24ஆம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். தனியாக. என் லாரியும் பின்சக்கரம் மட்டும் இழுக்கிறதுதான், உனக்குத் தெரியும். தண்ணீர் பதினைந்து காலன். போகிற வழியைப் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன், போலீஸ்காரருக்குப் புரிகிற மாதிரி.

புதன்கிழமை, 26ஆம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்குள் திரும்பி வந்து, ரேடியோவில் சொல்லி உனக்குத் தந்தி அடிப்பேன். வராவிட்டால் நீ போலீஸுக்குச் சொல்ல வேண்டும்.

மாரியில் யாரிடமும் சொல்லவில்லை. தபால் லாரிக்காரரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

மெர்வ்